கயிறு அவிழ்க்காத படகு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் தம்பதி ஒரு படகை வாங்கி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, மாதக்கணக்கில் ஆறு ஆறாகப் போகிற வீடியோக்கள்தான் ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் ராத்திரிப் பொழுதுபோக்கு. "நாமளும் ஒரு ராத்திரியாவது இப்படித் தண்ணியில படுக்கணுங்க" என்றாள் மனைவி. ரைன் நதிக்குப் போக நமக்கு வசதி ஏது? சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறி, மீஞ்சூருக்கு அடுத்த ஸ்டேஷனான அனுப்பம்பட்டில் இறங்கினோம். என்னோடு வேலை பார்த்தவரின் ஊர். அவருடைய மச்சான் பழவேற்காடு ஏரியில் படகு வைத்திருக்கிறார்.

ஏரிக்கரையில் அந்த மச்சான் முதலில் சொன்னதே, "வெளியாளுங்கள ஏத்தக் கூடாது சார்" என்பதுதான். 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த தடை. என் மனைவியின் முகம் சுருங்கியதைப் பார்த்த அவர் சம்சாரம், "ஏறி உக்காருங்கக்கா. கயிறு அவுக்க மாட்டோம், அவ்ளோதான்" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க, கரையோடு கட்டிய படகிலேயே நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

படகில் நங்கூரத்தைத் தேடினேன். இல்லை. "இந்தத் தண்ணிக்கு நங்கூரம் எதுக்கு?" என்று சிரித்தார் மச்சான். கடலைப் போல விரிந்து கிடக்கும் ஏரி, ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். கழியைச் சேற்றில் ஊன்றி, உடம்புப் பாரத்தைக் கொடுத்து இன்னும் ஒரு முழம் இறக்கி, முனைக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினால் படகு நின்றுவிடும். கயிற்றை இறுக்கிக் கட்டுவதில்லை. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் ராத்திரியில் கடல்தண்ணீர் ஏறும். இறுக்கிக் கட்டிய படகு முக்கி நிற்கும். ஒரு கழியானால் காற்றுக்குத் தக்கபடி படகு திரும்பும், இரண்டு கழியானால் திரும்பாது. "ஒரு கழியிலயே படுத்துப்போம். படகு திரும்புனா முழிப்பு வந்துடும், காத்து மாறிடுச்சின்னு தெரியும்" என்றார் அந்த அம்மா. கல்யாணமான புதிதில் இருவரும் ராத்திரிப் பாட்டுக்கு, அதாவது மீன்பிடிக்க, சேர்ந்தே போனார்களாம். அவர் வலையைப் பார்ப்பார், இவர் அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு இறாலையும் நண்டையும் பிரிப்பார். நாங்கள் ஆசைப்பட்ட வாழ்க்கை அவர்களுக்குக் கூலியில்லாத ராத்திரி வேலை.

'பாடு' என்பது இந்த ஏரியில் வெறும் மீன்பிடிப்பு இல்லை. எந்த நாளில், எந்தத் துறையில், யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஏற்பாடு அது. அதில் பங்கு கேட்க, ஊரில் தலைக்கட்டாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆனால்தான் தலைக்கட்டு. அந்தச் சீட்டில் இடமில்லாத இருளர் பெண்கள், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு கையாலேயே இறாலைத் துழாவிப் பிடிக்கிறார்கள். இதை எந்த வீடியோவிலும் ரசித்துப் பார்க்க என்னால் முடியாது.

இங்கிருந்து படகிலேயே தூரதேசம் போன காலமும் இருந்தது. 1800களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், வடக்கே நீண்டு இந்த ஏரியையும் தொட்டுக்கொண்டு ஆந்திராவின் பெத்தகஞ்சாம் வரை போனது. சென்னையிலிருந்து 316 கிலோமீட்டர். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு 1878-இல் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் அந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தன. 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்தது. சரிசெய்ய ஆள் இல்லை. 2008-இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். அறிவிப்பில் படகு போகாது.

இருட்டியதும் ஏரிச் சோறு வந்தது: மடவை மீன் குழம்பு, பலகையில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டோம். படகு லேசாக ஆடியது. "தண்ணி ஏறுது" என்றாள் என் மனைவி, பழகினவள் மாதிரி.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். நூறு ரூபாய் கூடக் கொடுத்து இறால் வாங்குங்கள். படகில் ஏற்றச் சொல்லி மட்டும் யாரையும் நச்சரிக்காதீர்கள்.