மோட்டார் அண்ணன்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக ஆட்டிசத்தை அளக்க ஒரு படிவம் உண்டு. ஐ.எஸ்.ஏ.ஏ. என்பார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 153-ஐத் தாண்டினால் ‘தீவிரம்’. பெரியம்மா மகனுக்கு அதைப் போட்ட அன்று நானும் கூட இருந்தேன். கண்ணைப் பார்ப்பாரா, பேசுவாரா என்று போய்க்கொண்டே இருந்து, கடைசிக்கு முந்தின கேள்வியில் அசாதாரண ஞாபகசக்தி உண்டா என்று வந்தது. பெரியம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “ஒரு தடவை போன தெருவை மறக்கவே மாட்டான் சார்” என்று ஆரம்பித்தார். அதற்கும் மதிப்பெண் ஏறியது, மற்ற குறைகளோடு குறையாக. சலுகைக்கு அது நல்லதுதான். ஆனாலும் எனக்கு உறுத்தியது.

அண்ணனுக்கு நாற்பது ஆகப்போகிறது. பேச்சு கிடையாது. குளிப்பாட்டிவிட வேண்டும், பைஜாமா நாடா கட்டிவிட வேண்டும், வெளியே போனால் கையை விடக் கூடாது. சொந்தக்காரர்கள் வந்தால், “இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குக் கணக்கு பிரமாதமா வருமாமே” என்பார்கள். 1988-இல் வந்த ‘ரெயின் மேன்’ படம் செய்த வேலை. படத்தைப் பார்க்காதவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணனுக்குக் கணக்கு வராது. மோட்டார் வரும்.

கும்பகோணம் வீட்டில் மேல்தொட்டி நிரம்ப நிரம்ப, தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எங்களுக்கெல்லாம் அது வழிந்து கொல்லையில் கொட்டும்போதுதான் கேட்கும். அண்ணன் அதற்கு முன்பே எழுந்துவிடுவார். காதைப் பொத்திக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவார். அகப்பட்டவர் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார். அவர் போன சிறப்புப் பள்ளியின் நோட்டில் இந்த மாதிரி இழுப்பதற்கெல்லாம் ‘பிடிவாதம்’ என்றுதான் எழுதி வந்தது. இழுத்த பக்கம் போய்ப் பார்த்தவர் பெரியம்மா ஒருவர்தான். அண்ணன் அவரை மோட்டார் சுவிட்சுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினாராம்.

ஆட்டிசம் பற்றி மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் எழுதிய 11 குழந்தைகளில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பிக்காரர். சிறுவயதில் லூயிஸ் என்ற விவசாயத் தம்பதியிடம் வளர்ந்தார். கானர் 1945-இல் அங்கே போய்ப் பார்த்து எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். சதா எதையாவது அளந்துகொண்டிருந்த பையனைக் கிணறு தோண்டவிட்டு, ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளைப் பொறுக்கி வந்தவனுக்கு இடுகாடு என்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். சோள வரிசையை ஓயாமல் எண்ணியவனை, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். பின்னாளில் டொனால்ட் வங்கியில் வேலை பார்த்தார், தனியாக உலகம் சுற்றினார், 2023-இல் காலமானார். அண்ணன் அந்த அளவுக்குப் போக மாட்டார். எனக்குச் சோளக்காடு வரைக்கும் போதும்.

மாண்ட்ரியலில் பேச்சு அநேகமாக இல்லாத 30 ஆட்டிசக் குழந்தைகளுக்கு வழக்கமான நுண்ணறிவுத் தேர்வை வைத்தார்கள், ஒருவரும் முடிக்கவில்லை. பலகையில் துண்டு பொருத்துவது, மறைந்திருக்கும் உருவத்தைத் தேடுவது என்று வைத்தபோது 26 பேர் ஒன்றையாவது முடித்தார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வு. பெரியம்மாவிடம் சொன்னேன். “இதுக்கு ஆராய்ச்சி வேறயா?” என்றார்.

அவர் செய்தது சின்ன வேலையும் இல்லை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் என்னாவது என்று பெரியப்பா பயந்தார். பக்கத்தில் ஒரு துண்டு மாட்டினார்கள். கையைத் துடைத்த பிறகுதான் சுவிட்ச். அண்ணன் கைமேல் கை வைத்து மாதக்கணக்கில் பழக்கினார் பெரியம்மா. பிறகு முழங்கையைத் தொட்டால் போதும் என்றானது, பிறகு அதுவும் வேண்டாம். இப்போது தொட்டி வழிவதே இல்லை. நடுவில் கரண்ட் போனால் மட்டும் இன்றைக்கும் ரகளைதான். தலையில் அடித்துக்கொள்வார், யாராவது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். காலையில் குளிப்பாட்டுவது எழுபது தாண்டிய பெரியப்பா. எங்களுக்கு அப்புறம் யார் என்ற பேச்சு அந்த வீட்டில் தினமும் ஒரு தடவையாவது வரும். மோட்டார் அதற்குப் பதிலில்லை.

போன பொங்கலுக்குச் சின்னவன் சென்னையிலிருந்து ஒரு கருவி வாங்கி வந்தான். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடும். அது இன்னும் பரணில் கிடக்கிறது. எலெக்ட்ரீஷியன் வந்தபோது, “மாட்டிக் குடுத்துடட்டுமாக்கா?” என்று கேட்டார்.

“வேணாம்ப்பா, ஆள் இருக்கு” என்றார் பெரியம்மா.