ராத்திரி மூணு மணிக்கு ஒரு பச்சை விளக்கு

நாலு மாசமா ஆளையே காணோமேன்னு ரெண்டு பேர் மெயில் அனுப்பியிருந்தாங்க (ரெண்டே பேர்தான், இருந்தாலும் நெகிழ்ந்துட்டேன்). தீசிஸ் ஆணி அதிகம்னு பதில் போட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி மூணு நிமிஷ செஸ். இன்னிக்கு அந்தக் கதைதான்.

டிஸ்கி: செஸ் தெரியாதவங்களும் படிக்கலாம். நல்லா தெரிஞ்சவங்க சிரிக்கலாம். :-)

கொசுவத்தியை 2024 டிசம்பர் 12க்குச் சுத்துங்க. சிங்கப்பூர்ல குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் பதினாலாவது ஆட்டம். இங்கே ட்ரெஸ்டன்ல காலை பத்து மணிக்கு ஆரம்பிச்சுது. லெக்சர்ல கடைசி பெஞ்சுல உக்காந்து போனை மடியில வெச்சுப் பார்த்தேன். அப்புறம் மென்சாவுல சாப்பாட்டுத் தட்டை முன்னால வெச்சுக்கிட்டுப் பார்த்தேன். 55வது மூவ்ல டிங் தன் யானையை நகர்த்தினார். யானைக்கு யானை போச்சு, மந்திரிக்கு மந்திரி போச்சு, 58வது மூவ் முடிஞ்சதும் ஆட்டத்தை விட்டுட்டார். (எங்க வீட்டுல கோட்டைக்கு யானைன்னுதான் பேரு. சண்டைக்கு வராதீங்க.) சத்தியமா சொல்றேன், எதுக்கு விட்டார்னு அப்ப எனக்குப் புரியவே இல்லை. பலகையில ரெண்டு ராஜா, மூணே மூணு சிப்பாய், அதுல ரெண்டு குகேஷோடது. அவ்வளவுதான். இன்னும் ஆடலாமேன்னு தோணிச்சு.

கும்பகோணத்துலேருந்து அப்பா வாட்ஸப்புல "18 வயசு!!!"ன்னு மட்டும் அனுப்பியிருந்தார். ஸ்கூல் வாத்தியாரா ரிட்டயர் ஆனவர். திண்ணையில எனக்கு செஸ் சொல்லிக்குடுத்ததும் அவர்தான். அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு பேரும் லிச்செஸ்ல அக்கவுண்ட் திறந்தோம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, பிரான்ஸ்ல ஒரு லாப நோக்கில்லாத அமைப்பு நடத்துற தளம். ஒரு மூவுக்கு மூணு நாள் டைம்னு அப்பாவோட ஒரு ஆட்டம் ஆரம்பிச்சோம். அவருக்கு அதுதான் செஸ். எனக்கு மூணு நாள்ல ஒரு மூவா, பொறுமையே இல்லை. பக்கத்துலயே ப்ளிட்ஸ்னு ஒரு பட்டன். ஆளுக்கு மூணு நிமிஷம். முடிஞ்சுது சோலி.

புதுசா வர்றவங்களுக்கு அங்கே 1500 புள்ளியில ஆரம்பம். ஒரே வாரத்துல 1240க்கு வந்துட்டேன். ஆனா கவலையே படலை. ஆட ஆடத் தானா வரும்னு நெனச்சேன். டிசம்பர்ல இங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும். வெளியே போக மனசு வராது. ரூம்ல ஹீட்டர் பக்கத்துல உக்காந்தா, ஒரு ஆட்டம் அதிகபட்சம் ஆறு நிமிஷம். மிக்சர் டப்பாவைத் திறந்து வெச்ச மாதிரி. கடைசிக் கைப்பிடின்னு சொல்லிக்கிட்டே டப்பா காலியாகும். ரெண்டு மாசத்துல ரெண்டாயிரம் ஆட்டம் தாண்டிருச்சு. ரேட்டிங்? 1260. ரெண்டாயிரம் ஆட்டத்துக்கு இருபது புள்ளி! ஒரே தப்பை ரெண்டாயிரம் தடவை ப்ராக்டீஸ் பண்ணியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது.

பிப்ரவரியில பரீட்சை. இங்கே 4.0 வரைக்கும் பாஸ், 5.0ன்னா ஃபெயில். எனக்கு 5.0. இதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி நான் எங்கே இருந்தேன்னு எனக்கே தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன்.

ரிசல்ட் வந்த வாரம் அப்பா ஃபோன் பண்ணினார்.

"பரீட்சை என்னடா ஆச்சு?"

"ரிசல்ட் இன்னும் வரலப்பா."

"சரி. ஒண்ணு கேக்கணும். உன் பேர் பக்கத்துல ஒரு பச்சை விளக்கு எரியுதே, அது நீ உள்ளே இருக்கேன்னுதானே அர்த்தம்?"

"ஆமாப்பா."

"நான் காலைல ஏழரைக்குக் காபி குடிக்கறப்ப எரியுது. அங்கே மணி மூணு."

எனக்குப் பேச்சு வரலை.

"பரீட்சைக்கு முந்தின ராத்திரி 41 ஆட்டம் ஆடியிருக்க. 29 தோல்வி. எல்லாத்தையும் உக்காந்து பார்த்தேன்."

"எல்லாத்தையுமா?"

"ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேலை? முதல் ரெண்டு ஆட்டம் நல்லாத்தான் ஆடித் தோத்திருக்க. அதுக்கப்புறம் நீ ஆடலடா. உன் கோவம் ஆடியிருக்கு."

"ஃபெயில்ப்பா"ன்னேன். "தெரியும்"னார். திட்டவே இல்லை. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துது. அங்கே யார் ஆடின ஆட்டத்தையும் யாரும் எடுத்துப் பார்க்கலாம்கிறது எனக்குத் தெரியும். ஆனா கும்பகோணத்துல ஒரு மனுஷன் காபி ஆறிப்போக என்னோட 29 தோல்வியையும் ஒவ்வொரு மூவா தட்டிப் பார்ப்பார்னு கனவுலயும் நெனக்கலை.

அன்னிக்கு ராத்திரி நானும் பழைய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். அப்பா சொன்னது அச்சு அசல் சரி. ரெண்டு தோல்விக்கு அப்புறம் வர்ற ஆட்டத்துல எல்லாம் நான் எதிராளி மூவைப் பார்க்கவே இல்லை. அவன் நகர்த்தினது பாதி செகண்ட், நான் நகர்த்தினது பாதி செகண்ட். ஒரு ஆட்டத்துல, அவன் கண்டிப்பா சிப்பாயைத்தான் வெட்டுவான்னு நம்பி அடுத்த மூவை முன்கூட்டியே போட்டு வெச்சிருக்கேன் (ப்ரீமூவ்னு ஒரு வசதி, பாவத்துக்குன்னே கண்டுபிடிச்சது). அவன் வெட்டலை. என் ராணி நேரா அவன் குதிரை வாயில போய் நின்னுது. அவ்வ்வ்வ்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். வேகமா ஆடினா செஸ் கெட்டுப்போகும்னு பெரியவங்க சொல்லுவாங்க. முழுசா உண்மையில்லை. நம்ம ஆனந்தையே எடுத்துக்குங்க. சென்னையில சோவியத் கலாசார மையத்துல தால் செஸ் கிளப்னு ஒண்ணு இருந்துது. சின்னப் பையனா அங்கே போய் ப்ளிட்ஸா ஆடித் தள்ளினவர் அவர். 'மின்னல் பையன்'னு பேரே வாங்கினார். 2017ல, 48 வயசுல, உலக ரேபிட் பட்டமும் ஜெயிச்சார். ஆனா அந்தக் கிளப்புல ஒரு வழக்கம் உண்டு. ஜெயிச்சவன் பலகையிலயே இருப்பான், தோத்தவன் எழுந்து வரிசையில கடைசிக்குப் போகணும். அடுத்த வாய்ப்பு வர்ற வரைக்கும் நின்னுதான் ஆகணும். நிக்கற நேரத்துல என்ன பண்ணுவோம்? எங்கே தோத்தோம்னு மனசுக்குள்ள ஓட்டிப் பார்ப்போம், அடுத்தவன் ஆடறதை வேடிக்கை பார்ப்போம். கோவமும் ஆறிடும்.

ஆன்லைன்ல அந்த வரிசை இல்லை. தோத்த மறுநொடியே 'புதிய எதிராளி'ன்னு பட்டன் வந்து நிக்குது. அதனால நானே ஒரு வரிசையைக் கட்டினேன். தோத்தா எழுந்து பொதுக் கிச்சனுக்குப் போய் ஒரு தட்டாவது கழுவணும் (என் ஃப்ளாட்மேட்டுகளுக்கு ஏக சந்தோஷம்). திரும்பி வந்து, கம்ப்யூட்டர்கிட்ட கேக்காம, எங்கே தோத்தேன்னு நானே கண்டுபிடிச்சு நோட்டுல ஒரு வரி எழுதணும். ரெண்டு தொடர் தோல்வின்னா அன்னிக்குக் கடை சாத்தணும்.

அந்த நோட்டு ஒரு காமெடி. "ராணியை தானம் பண்ணினேன்." "கடைசி வரிசையில ராஜா மூச்சுமுட்டி செத்தார்." "டைம் போச்சு." "மறுபடி தானம்." ஐம்பது தோல்வி எழுதினதும் எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல, காயைச் சும்மா குடுத்தது. அடுத்தது கடிகாரம். ஓப்பனிங் தெரியாமத் தோத்தது விரல் விட்டு எண்ற அளவுதான். அதுவரைக்கும் நான் யூட்யூப்ல பார்த்ததெல்லாம் ஓப்பனிங் வீடியோ!

அதுக்கப்புறம் அதையெல்லாம் பார்க்கலை. வெள்ளைன்னா லண்டன் சிஸ்டம், கறுப்புல ராஜா சிப்பாய்க்கு எதிரா காரோ-கான். ரெண்டும் சலிப்பான ஆட்டம்னு பின்னூட்டத்துல கும்முவீங்க, தெரியும். காரோ-கான் 1886லயே ரெண்டு பேர் ஆராய்ஞ்சு வெளியிட்டது, அவங்க பேர்தான் அது. எனக்கு வேண்டியது என்னன்னா, எப்பவும் ஒரே மாதிரி நிலைமை வரணும். முதல் பத்து மூவை இருபது செகண்ட்ல முடிச்சுட்டா, மிச்சத்தை நடுவுல ஒரு கஷ்டமான இடத்துல செலவு பண்ணலாம்.

இன்னொரு மாத்தம், மூணு நிமிஷத்தை விட்டுட்டு 3+2க்கு வந்தேன். ஒவ்வொரு மூவுக்கும் ரெண்டு செகண்ட் சேரும். இந்த மாதிரி கடிகாரத்துக்கு 1988லயே காப்புரிமை கேட்டவர் பாபி ஃபிஷர். ரெண்டு செகண்ட் என்ன பெரிசுன்னு தோணும். ஆனா அது இல்லாதப்ப என் ஆட்டமெல்லாம் கடைசியில மவுஸ் ஓட்டப் பந்தயமாத்தான் முடியும். ஜெயிக்கிற நிலைமையை ஜெயிச்சு முடிக்கக் கத்துக்கவே இல்லை. இது வந்தப்புறம்தான் ராஜாவும் யானையுமா ஒரு தனி ராஜாவை ஓரம் கட்டி மேட் பண்ணப் பழகினேன்.

ஏப்ரல்ல இங்கே ஒரு செஸ் கிளப்புக்குப் போனேன். ஜெர்மனியில பல ஊர்லயும் இப்படி ஒரு கிளப் இருக்கும், வாரத்துல ஒரு சாயங்காலம் கூடுவாங்க. 2008ல இந்த ஊர்லதான் செஸ் ஒலிம்பியாட் நடந்துது, அதோட போஸ்டர் இன்னும் சுவத்துல இருந்துது. எழுபது வயசு இருக்கும், ஒரு தாத்தா. ஆளுக்கு அஞ்சு நிமிஷம், நிஜக் கடிகாரம். ஏழு ஆட்டம், ஏழும் அவருக்கு. ஸ்க்ரீன்ல தட்டையாப் பார்த்துப் பழகின கண்ணுக்கு நிஜப் பலகையில மந்திரி எங்கேருந்து வருதுன்னே தெரியலை. நகர்த்தின கையாலதான் கடிகாரத்தையும் அமுக்கணுங்கறது விதி. நான் ரெண்டு கையையும் நீட்டி பரதநாட்டியம் ஆடிட்டு இருந்தேன்.

ஒவ்வொரு தடவை நான் காயைத் தொடப் போறப்பவும் அவர் மெதுவா "வாஸ் வில் எர்?"னு கேப்பார். 'அவனுக்கு என்ன வேணுமாம்?'னு அர்த்தம். அவன்னா அவரேதான்! எதிராளியே என்கிட்ட, நான் இப்ப வெச்சது எதுக்குன்னு பாருன்னு சொல்றார். ஏழாவது ஆட்டம் முப்பது மூவ் தாக்குப்பிடிச்சேன். இப்பவும் ஸ்க்ரீன் முன்னால வாய்க்குள்ள 'வாஸ் வில் எர்'னு முணுமுணுக்கறேன். ஒரு செகண்ட்தான் ஆகும். காசில்லாம கிடைச்ச ட்யூஷன் எனக்கு அது ஒண்ணுதான். நோட்டுல 'தானம்' வரி குறைய ஆரம்பிச்சதும் அதுக்கப்புறம்தான்.

இப்ப 1690. பெரிய நம்பர் இல்லை. வேற தளத்துல ஆடினா இன்னும் குறைவாத்தான் காட்டும். ஒரு நாளைக்கு அஞ்சாறு ஆட்டம் ஆடறதே அதிகம். முன்னாடி ரெண்டாயிரத்துல இருபது புள்ளி, அப்புறம் அதை விடக் கம்மியான ஆட்டத்துல நானூறுக்கு மேல. (அந்தப் பரீட்சையை அடுத்த அட்டெம்ப்ட்ல 2.3 வாங்கி முடிச்சேன். அப்பாவுக்கு ரிசல்ட் வந்த நிமிஷமே ஃபோன் பண்ணிட்டேன்.)

ஆனா படிக்காமலே ஏறலாம்னு மொத்தமா சொன்னா அது பொய். 1700 பக்கத்துல சுவரு மாதிரி நிக்குது. எதிராளிங்க ராணியை சும்மா தர்றதில்லை. ஆட்டம் கடைசி வரைக்கும் போகுது, அங்கே எனக்கு ஒண்ணும் தெரியலை. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் ஒழுங்கா உக்காந்து படிச்சேன், ராஜா-சிப்பாய் ஆட்டம். ரெண்டு ராஜாவும் நடுவுல ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நின்னா, யாரோட முறையோ அவன்தான் வழி விடணும். நகராம இருக்க முடியாது. இந்த இக்கட்டுக்கு உலகம் பூரா ஜெர்மன் வார்த்தைதான், ட்சுக்ட்ஸ்வாங். 'ட்சுக்'னா மூவ், 'ட்ஸ்வாங்'னா கட்டாயம். ரயிலுக்கும் இங்கே ட்சுக்னுதான் பேரு. லேட்டா வர்ற ரயிலுக்குக் காத்து நிக்கறப்ப இதையும் யோசிச்சிருக்கேன்.

அன்னிக்குத்தான் பதினாலாவது ஆட்டத்தோட கடைசி நிலைமையைத் திரும்ப எடுத்து வெச்சேன். வெள்ளை ராஜாவை இப்படி நகர்த்திப் பார்த்தேன், அப்படி நகர்த்திப் பார்த்தேன். எங்கே போனாலும் குகேஷோட ராஜா எதிர்ல வந்து நின்னு வழியை அடைச்சுது. டிங் ஏன் விட்டார்னு மென்சாவுல புரியாதது அன்னிக்குப் புரிஞ்சுது.

அப்பாவோட இப்ப ஒன்பதாவது ஆட்டம் ஓடுது. எட்டுல ஆறு அவர் ஜெயிச்சது. நேத்துக் காலைல மந்திரியை ஒரு ஓரக் கட்டத்துல கொண்டு போய் வெச்சிருக்கார். அவருக்கு என்ன வேணுமாம்னு இன்னும் கண்டுபிடிக்க முடியலை. ரெண்டு நாள் டைம் இருக்கு. மணி பதினொண்ணு ஆகுது, விளக்கை அணைக்கணும்.