சைக்கிளுக்கு ஒரு மணி!

என் சைக்கிள்ல பெல் கிடையாது. ஆனா, மணி உண்டு. நாலு காலு, ஒரு வாலு, ஒல்லி உடம்பு. சிப்பிப்பாறை ஜாதி. கோவில்பட்டிப் பக்கம் மாமா வீட்டில் பிறந்து எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். (2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டாங்க, சிப்பிப்பாறைக்குப் போடலை. மாமாவுக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு!)

காலேஜ் லீவுல ஐயாவுக்கு ஒரு ஐடியா. மணியை சைக்கிளோடு ஓட வைத்தால்? எனக்கும் எக்சர்சைஸ், அவனுக்கும் எக்சர்சைஸ், பார்க்கிறவங்க எல்லாம் 'அட!' போடுவாங்க. மூணாவதுதான் உண்மையான காரணம். சங்கிலியை ஹேண்டில்பாரில் ரெண்டு சுற்று சுற்றிக் கட்டினேன். கிளம்பியாச்சு.

இருநூறு அடி கூடப் போகலை, குறுக்கே ஒரு பூனை. சிப்பிப்பாறைக்குக் கண்ணில் இரை பட்டுட்டா காது வேலை செய்யாது. ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்ப, நான் ஒரு பக்கம் பறக்க, சைக்கிள் மணி மேலேயே விழுந்தது. பயந்துபோய் எழுந்து ஓடினான். சங்கிலி அவிழலையே! பின்னாடியே சைக்கிளும் தரதரன்னு இழுபட்டுப் போச்சு. அவன் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கு.

முன்னங்காலில் காயம். எலும்பு முறியலைன்னு டாக்டர் சொன்னார். பத்து நாளில் ஆறிடுச்சு. ஆனா, சைக்கிள் ஸ்டாண்ட் எடுக்கிற 'டக்' சத்தம் கேட்டாலே மணி கட்டிலுக்கு அடியில். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "உன் சைக்கிளோட வரேன்னு அது கேட்டுச்சாடா?"

மாமாவுக்கு போன் போட்டேன். "ஹேண்டில்ல கட்டினியா? உன்னைக் கட்டி வைக்கணும் மாப்ளே" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தார்.

முதல் வேலை, சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பத்தடி தள்ளி மணிக்குச் சோறு. தினம் ஒரு அடி கிட்டே. சக்கரத்துப் பக்கத்தில் நின்று தட்டைக் காலி பண்ண அவனுக்குப் பன்னிரண்டு நாள் ஆச்சு. அப்புறம் ஏறாமலேயே சைக்கிளைத் தள்ளிக்கிட்டு அவனோடு நடந்தேன். 'நில்லு', 'மெதுவா' ரெண்டும் அப்போதான் கற்றுக்கொண்டான். டீக்கடை அண்ணன் தினமும், "என்ன தம்பி, பஞ்சரா?" என்பார். ஆமாண்ணே, தினமும் பஞ்சர்!

மணி எப்பவும் என் இடது பக்கம்தான். வண்டிகள் போறது வலது பக்கம் இல்லையா? இந்த ஜாதிக்குக் கழுத்தைவிடத் தலை குறுகல், பின்னால் இழுத்தால் கழுத்துப் பட்டை கழன்று வந்துடும். அதனால் நெஞ்சைச் சுற்றிப் போடற பெல்ட். சங்கிலி போய்க் கயிறு வந்தது. அதையும் கையில் சுற்றாமல் சும்மா பிடிக்கணும், ஏதாச்சும்னா சட்டுன்னு விட்டுடலாம். ஒரு கையில் ஓட்டத் தெரியாதவங்க முதல்ல அதைப் பழகுங்க பாஸ்.

வெயில் விஷயத்தில் மாமா ரொம்ப கறார். நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும். ஏழு எண்ணும்வரை புறங்கையைத் தார் ரோட்டில் வைக்க முடியலையா? அன்னிக்கு ரைடு கேன்சல். ஆகவே, நாங்க கிளம்பறது காலை ஆறு மணிக்கு முன்னாடி. (ஹாஸ்டல்வாசிகளே, அப்படி ஒரு நேரம் நிஜமாவே இருக்கு!) சாப்பிட்ட உடனே ஓட்டக் கூடாது. வளர்கிற குட்டியைக் கூட்டிப் போகவே கூடாது, மூட்டு கெட்டுடும். மணிக்கு அப்போ ஒண்ணரை வயசு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும், தெரியாமலேயே தப்பிச்சேன்.

மூணாவது மாசம்தான் சீட்டில் ஏறினேன். முதல் நாள் நாலு வீடு தூரம், அடுத்த வாரம் தெருமுனை. அவன் லொங்கு லொங்குன்னு வரணும். தாவ ஆரம்பிச்சா நான் ஓவர் ஸ்பீடுன்னு அர்த்தம்.

இப்பல்லாம் ஸ்டாண்ட் எடுக்கிற சத்தம் கேட்டதும் வாசலுக்கு முதல் ஆளா வந்து நிற்கறது அவன்தான். அந்தப் பூனை இருக்கிற தெரு வழியா மட்டும் இன்னும் போகலை. அவ்வளவு தைரியம் எங்க ரெண்டு பேருக்குமே வரலை.