ஒரு மாதத் தொலைக்காட்சிக்கு எத்தனை பேர்?

தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு வெளியார் அறியாத ஒரு பொருள் உண்டு. ஒருவர் வேலைக்குச் சென்று, தோட்ட நிர்வாகம் விதித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் அன்று அவருக்கு ஒரு பேர். அளவு குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதே அவருடைய சம்பளம். ஆகவே எங்கள் லிந்துலைப் பகுதியில் ஒரு பொருளின் விலையை ரூபாவில் மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. அது எத்தனை பேரை விழுங்கும் என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும்.

அரிசி, மா, சீனி, பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து என்று நீளும் இந்தக் கணக்கில் தொலைக்காட்சிச் சந்தாவும் சேர்ந்து பல ஆண்டுகளாகின்றன. தெரிவு செய்யும் அலைவரிசைத் தொகுதியைப் பொறுத்து அது அரைப்பேராகவும் இருக்கலாம், இரண்டு பேராகவும் இருக்கலாம். எவ்வாறாயினும், ஆண்டுதோறும் அது கூடிக்கொண்டே செல்கிறது என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. பத்திரிகைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு, தோட்டத்துச் சம்பளத்தைப் பற்றி எழுதியது போல இந்தச் சந்தாவைப் பற்றியும் எழுத வேண்டும் என்ற எண்ணம் சில காலமாகவே இருந்து வந்தது.

தொலைக்காட்சி மலையகத்துக்கு இலவசமாகவே வந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் தனது ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கான பிரதான ஒளிபரப்பு நிலையம் நாட்டின் அதியுயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சியிலே அமைந்தது. லிந்துலையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்பவர்களுக்கு அந்த மலை புதிதன்று. நாடு முழுவதற்கும் படம் அனுப்பிய கோபுரம் எங்கள் அண்டை வீட்டுக்காரனாகவே இருந்தது எனலாம். ஆனால் விளக்கின் அடியில் இருள் என்பது போல, மலை மடிப்புகளுக்குள் ஒளிந்திருந்த பல லயங்களில் படம் தெளிவாக விழவில்லை. மூங்கில் கம்பத்தின் நுனியில் அன்டனாவைக் கட்டி, ஒருவர் அதைத் திருப்ப, மற்றொருவர் உள்ளேயிருந்து குரல் கொடுக்க, அவ்வாறுதான் நாங்கள் படம் பார்த்தோம்.

அக்காலத்தில் பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் கிடையாது. கார் பற்றரியில் ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தால் லயம் முழுவதும் அந்த வீட்டு வாசலில் கூடியிருக்கும். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றபோதும் எங்கள் பக்கத்தில் பலர் அப்படித்தான் அந்த ஆட்டத்தைக் கண்டார்கள். பற்றரி சார்ஜ் செய்யும் கூலி ஒன்றே செலவு. அதையும் பத்து வீட்டார் பகிர்ந்து கொண்டனர். பத்திரிகையும் அவ்வாறே. சலூனில் போடப்படும் ஒரு பிரதியை ஐம்பது பேர் படிப்பார்கள். விற்பனைப் பிரிவினருக்கு அது நட்டமாயினும், எழுதுபவனுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

ஆயினும் ஒரு குறை இருந்தது. அரச தொலைக்காட்சியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் மிகச் சொற்பம். 1998இல் சக்தி தொலைக்காட்சி தொடங்கியபோது அந்தக் குறை ஓரளவு நீங்கியது. அதுவும் அன்டனாவுக்கு வந்த இலவச ஒளிபரப்பே. ஆனால் அங்கும் மலை குறுக்கே நின்றது. தமிழ் வேண்டும், அதுவும் தெளிவாக வேண்டும் என்ற இந்த நியாயமான தாகத்தையே பின்னர் வந்த டிஷ் வியாபாரம் நன்கு புரிந்துகொண்டது.

2007இல் டயலொக் நிறுவனம் செய்மதித் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவிலும் சன் டைரக்ட் போன்ற சேவைகள் பிறந்தன. மலைக்கும் மடுவுக்கும் வேறுபாடின்றி வானத்திலிருந்து நேரே இறங்கும் படத்தை எந்தத் தேயிலைக் குன்றும் மறைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் லயங்களின் தகரக் கூரைகள் எங்கும் டிஷ்கள் முளைத்தன. இந்தியாவிலே யாரோ ஒருவருடைய முகவரியில் பதிவான பெட்டிகளும் இடைத்தரகர்கள் மூலம் வந்து சேர்ந்தன. அவற்றுக்குக் கட்டணம் கூடினாலும் சேவை நின்றாலும் முறையிடுவதற்கு இந்த நாட்டில் ஓர் அலுவலகமும் இல்லை. மூங்கில் கம்பங்கள் விறகாயின. லயத்துக்கு ஒரு பெட்டி என்பது போய், வீட்டுக்கு ஒரு டிஷ் என்றாயிற்று. வசதி பெருகியது உண்மை. பத்து வீட்டார் பகிர்ந்த செலவை இப்போது ஒவ்வொரு வீடும் தனித்தனியே சுமக்கிறது என்பதும் உண்மை.

இனி, 2022ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டியது. வெளிநாட்டு அலைவரிசைகளுக்கு வெளிநாட்டு நாணயத்தில் பணம் செலுத்தும் எந்தச் சேவையும் அந்த அடியைத் தாங்கியிருக்க முடியாது. செப்டெம்பர் 5ஆம் திகதி முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 சதவீதத்தாலும், கட்டணத் தொலைக்காட்சிச் சந்தாவை 25 சதவீதத்தாலும் உயர்த்துவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி வழங்கியது. அதற்கு மேல் வற் வரி. 2022 மே வரை 8 சதவீதமாக இருந்த அவ்வரி யூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 சனவரியில் 18 சதவீதம் என ஏறியது.

வாசகர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். 2022 மே மாதத்தில் 100 ரூபா சந்தா, வற் வரியுடன் 108 ரூபா. 25 சதவீத உயர்வுக்கும் 18 சதவீத வரிக்கும் பின்னர் அதே சந்தா 147 ரூபா 50 சதம். ஏனைய வரிகளை ஒதுக்கிவிட்டாலும் இருபது மாதங்களில் ஏறத்தாழ 37 சதவீத உயர்வு.

இது இவ்வாறிருக்க, சம்பளத்தைப் பார்ப்போம். பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 2024 ஏப்ரல் இறுதியில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வெளிவந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. யூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இறுதியில் செப்டெம்பரில் 1,350 ரூபா என்று முடிந்தது. 35 சதவீத உயர்வு. அதற்கு மூன்றரை ஆண்டுகள் தேவைப்பட்டன. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபா அறிவிக்கப்பட்டபோதும், அதில் 200 ரூபாவை அரசாங்கமே கொடுப்பனவாக வழங்குவதென்று சொல்ல வேண்டியிருந்தது.

37 சதவீதத்துக்கும் 35 சதவீதத்துக்கும் பெரிய வேறுபாடில்லையே என்று சிலர் கேட்கலாம். வேறுபாடு தொகையில் இல்லை, அது வந்த வழியில் இருக்கிறது. கூலி உயர வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, சம்பள நிர்ணய சபை, வர்த்தமானி, நீதிமன்றம் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். சந்தா உயர ஒரு குறுஞ்செய்தி போதும். தொழிலாளியின் வருமானத்துக்கு ஆயிரம் கதவுகள் பூட்டப்பட்டிருக்கின்றன. அவருடைய செலவுக்கோ கதவே இல்லை.

அண்மையில் லிந்துலை கடைவீதியில், ரீலோட் போடும் கடையருகே, ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளியான ஒரு தங்கையைச் சந்தித்தேன். டிஷ்ஷுக்குப் பணம் போட வந்தவர், கையிலிருந்த நோட்டுகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்: "சீனி வெல ஏறுனா கொறச்சிப் போட்டுத் தேத்தண்ணி குடிச்சிக்கலாம் அண்ணே. இதுல என்னத்தக் கொறைக்கிறது? தமிழ் சேனல் மட்டும் போதும்னா குடுக்க மாட்டேங்குறாங்க. எனக்கு வெளங்காத அத்தன சேனலுக்கும் நாந்தானே காசு கட்டுறேன்."

பொருளியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விடயத்தை அந்தத் தங்கை நான்கு வரிகளில் சொல்லிவிட்டார். தொகுதியாகக் கட்டி விற்பதே இந்த வியாபாரத்தின் உயிர்நாடி. அலைவரிசை உரிமையாளர் ஒவ்வொருவரும் சந்தாதாரர் ஒருவருக்கு இவ்வளவு என்று சேவை வழங்குநரிடம் அறவிடுகிறார். விளையாட்டு ஒளிபரப்பு உரிமைகளின் விலை ஏற ஏற அந்தத் தொகையும் ஏறுகிறது. கிரிக்கெட் பார்க்காத மூதாட்டியும் கிரிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கிறார்.

இது ஏழை நாடுகளுக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. கேபிள் கட்டணத்தின் கொடுமையிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லி அமெரிக்காவில் இணையவழி நேரலைத் தொலைக்காட்சிச் சேவைகள் வந்தன. 2017 ஏப்ரலில் யூரியூப் ரிவி மாதம் 35 டொலருக்குத் தொடங்கியது. 2018இல் 40, 2019இல் 50, 2020இல் 65, 2023இல் 73, 2025 சனவரியில் 83 டொலர் என்று அது ஏறியது. எட்டு ஆண்டுகளுக்குள் இரண்டு மடங்குக்கும் அதிகம். அவ்வளவு கொடுத்தும் நிம்மதியில்லை. டிஸ்னி நிறுவனத்துடன் கட்டணப் பேச்சுவார்த்தை முறிந்தமையால் 2025 ஒக்டோபர் 30 முதல் நவம்பர் 14 வரை அந்நிறுவனத்தின் அலைவரிசைகள் அச்சேவையில் தெரியவில்லை. முதலில் மலிவாகக் கொடுத்துப் பழக்குவது, பழைய வழியைக் கைவிடச் செய்வது, பின்னர் விலையை ஏற்றுவது என்ற வரிசை எங்கும் ஒன்றுதான். கலிபோர்னியாக்காரர் கேபிளை வெட்டினார். லிந்துலைக்காரர் மூங்கில் கம்பத்தை வெட்டினார்.

ஆனால் அரசுகள் தலையிட முடியாத துறை இது என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்பதற்கில்லை. 2004 டிசம்பரில் இந்தியாவின் பிரசார் பாரதி, மாதச் சந்தாவே இல்லாத டிஷ் சேவையைத் தொடங்கியது. இன்று அது டிடி ஃபிரீ டிஷ் என்ற பெயரில் இயங்குகிறது. 2011இல் தமிழ்நாட்டின் அரசு கேபிள் மாதம் 70 இந்திய ரூபாவுக்கு இணைப்புக் கொடுத்தது. 2019 பெப்ரவரியில் இந்திய ஒழுங்குமுறை ஆணையம், விரும்பிய அலைவரிசையை மட்டும் தனியே வாங்கும் உரிமையைச் சந்தாதாரருக்கு வழங்கியது. அதற்கும் குறைபாடு உண்டு. எதையும் பார்ப்பதற்கு முன்னரே 100 அலைவரிசைகளுக்கான அடிப்படைக் கட்டணமாக வரியுடன் 153 ரூபா 40 காசு வரை செலுத்த வேண்டியிருந்தது. சன் தொலைக்காட்சி வேண்டுமாயின் மேலும் 19 ரூபா. எனினும், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதாவது அங்கே தெரிந்தது.

"தொலைக்காட்சி ஆடம்பரம்தானே, கட்ட முடியாதவர் நிறுத்திவிடலாமே" என்று கொழும்பிலுள்ள நண்பர் ஒருவர் கேட்டார். 2020இல் கொவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைக்காட்சியிலே நடத்தப்பட்டன என்பதை அவருக்கு நினைவூட்டினேன். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவு எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. சரிவின் கீழே லயத்தில் உறங்குபவருக்குத் தாய்மொழியில் ஒரு செய்தி கிடைப்பது ஆடம்பரமா? மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த பின் எந்தப் பெட்டியாலும் பயனில்லை என்பது சரியே. ஆனால் அவை அறுவதற்கு முந்தைய மணித்தியாலங்களே உயிர் காக்கும் மணித்தியாலங்கள்.

ஆகவே நான் கேட்பது மூன்று விடயங்கள். மின் கட்டணத்தை மாற்றுவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. தொலைக்காட்சிச் சந்தாவுக்கும் அவ்வாறு ஒரு நடைமுறை வேண்டும். அது தமிழிலும் நடைபெற வேண்டும். இரண்டாவது, சந்தா முடிந்த நாளிலும் உள்நாட்டுத் தமிழ், சிங்களச் செய்திகளும் அனர்த்த எச்சரிக்கைகளும் எந்தப் பெட்டியிலும் நிற்கக் கூடாது என்ற நிபந்தனை சேவை அனுமதிப்பத்திரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, 2014இல் ஜப்பானிய முறையைத் தெரிவு செய்து பத்தாண்டு கடந்தும் முழுமை பெறாத எண்ணியல் ஒளிபரப்புத் திட்டம் நிறைவேறும்போது, மலை மடிப்புகளுக்குள்ளும் இலவசப் படம் விழுமாறு சிறு கோபுரங்கள் அமைக்கப்பட வேண்டும்.

தேர்தல் மேடைகளில் எங்கள் தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். அந்தச் சம்பளம் கைக்கு வந்தபின் எந்தெந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்பதைப் பற்றியும் அவர்கள் ஒரு நாள் பேச வேண்டும். பம்பரகலையிலும் தங்கக்கலையிலும் கூரைக்குக் கூரை டிஷ் இருக்கிறது. அத்தனை வீட்டாரும் ஒரே பேரேட்டில் கையெழுத்திட்டு ஆணைக்குழுவுக்கு ஒரு மனு அனுப்பினால், அதற்கு ஆகும் செலவு ஒரு தபால் தலை மட்டுமே.