பழவேற்காட்டுப் பூநாரைகள்

பட்டு நெய்யும் காஞ்சிபுரத்தில் வாழும் எங்களுக்குப் பறவை பார்க்க வேடந்தாங்கல் அருகிலேயே உண்டு. ஆயினும் கடலும் ஏரியும் கலக்குமிடத்தைக் காண விரும்பி, தமிழகத்தின் வடகோடிக் கரையிலுள்ள பழவேற்காட்டுக்குக் குடும்பத்துடன் சென்றோம்.

நம் ஆடவர் உடுக்கும் கைலியை மலாய் நாட்டார் 'பெலிக்காட்' என்பர். அப்பெயர் இவ்வூரால் வந்தது. இங்கிருந்து ஒரு காலத்தில் துணி கப்பலேறிக் கீழ்த்திசை சென்றது. டச்சுக்காரர் 1613-இல் இங்கே கோட்டை கட்டியதும் அவ்வாணிகம் நாடியே.

இன்று மக்களை ஈர்ப்பவை பூநாரைகள். சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியன்றோ இது! ஆழமில்லா நீரில் நின்று, வளைந்த அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, சேற்று நீரை அரித்து உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறமியே இறகின் செம்மைக்குக் காரணம். சாயத்தொட்டியில் பட்டுநூல் நனைவதைக் கண்டு பழகிய எங்கள் வீட்டுப் பெண்டிர், உண்பதனாலேயே சாயமேறும் இவ்வாடையைக் கண்டு வியந்தனர்.

பிள்ளைகள் படகு கேட்டனர், மறுத்துவிட்டோம். 2011 டிசம்பர் 25 அன்று இந்நீரில் உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 22 உயிர்கள் பறிபோயின. அதன்பின் படகுச் சவாரிக்குத் தடையும் வந்தது. அன்றியும், படகு நெருங்கினால் பறவைகள் இரையை விட்டு எழுந்துவிடும்.

"பக்கத்தில் போனால்தானே அத்தா தெரியும்?" என்றான் இளையவன். தொலைநோக்கியை அவன் கையில் கொடுத்தோம். பொழுது சாயும்வரை கரையிலேயே இருந்தோம். ஒரு பறவையும் எங்களுக்கு அஞ்சி எழவில்லை.