கடல் கடந்த மடல்: தொண்டுக்காகச் சங்கம் சேரும் மாணவியர்

அமெரிக்கக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் மாணவ மாணவியரில் ஒரு பகுதியினர், முதலாண்டு முடிவதற்குள்ளாகவே, இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளையே பெயராகக் கொண்ட சங்கங்களுள் ஒன்றில் உறுப்பினராக வேண்டும் என்ற விருப்பத்தை வீட்டில் தெரிவிக்கின்றனர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து குடியேறியவர்களாக இருந்தால், அந்த விருப்பம் அவர்களுக்குப் பெரும்பாலும் பிடிபடுவதில்லை, பிடிபட்ட அளவுக்கு அச்சத்தையே தருகிறது. ஆண்களுக்குரிய சங்கம் ஃப்ரட்டர்னிட்டி என்றும் பெண்களுக்குரியது சொராரிட்டி என்றும் வழங்கப்படுகின்றன. இவற்றைச் சகோதரர் சங்கம், சகோதரியர் சங்கம் என்று தமிழில் குறிக்கலாம். மாளிகை போன்ற வீடு, விடிய விடிய நீளும் குடிவிருந்து, புதியவரை இழிவுபடுத்தும் சடங்கு என்று திரைப்படங்கள் இச்சங்கங்களைப் பற்றிப் பரப்பிய படிமமே பெற்றோரின் அச்சத்துக்கு முதற்காரணம். அந்தப் படிமத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே கிரேக்க எழுத்துகளைத் தாங்கி, சமூகத் தொண்டையே தங்கள் இருப்புக்குரிய காரணமாகக் கருதி, நூறாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் சங்கங்களும் இந்நாட்டில் உள்ளன. அவற்றில் சேர ஒரு மாணவி விரும்பும்போது உண்மையில் எதை விரும்புகிறாள் என்பது, குடியேறிய குடும்பங்கள் பொறுமையுடன் ஆராய வேண்டிய கேள்வியாகும்.

தொண்டு ஒன்றையே அடித்தளமாகக் கொண்ட சங்கங்களுள் முதன்மையானது ஆல்ஃபா ஃபை ஒமேகா. முதல் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றிவிட்டுப் படிப்புக்குத் திரும்பிய ஃபிராங்க் ரீட் ஹார்ட்டன் என்ற மாணவர், பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்டன் நகரிலுள்ள லாஃபாயெட் கல்லூரியில், சிறுவயதில் ஏற்ற சாரணர் உறுதிமொழியைக் கல்லூரிக்கு வந்த பின்னும் கைவிடாத இளைஞர்களைத் திரட்டி, 1925 டிசம்பர் 16 அன்று இதனைத் தோற்றுவித்தார். தலைமை, நட்பு, தொண்டு ஆகிய மூன்றும் இதன் கொள்கைகள். ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இச்சங்கம் 1976இல் பெண்களையும் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. பெண்களுக்கென்றே அமைந்த தொண்டுச் சங்கங்களாக, நியூயார்க்கில் 1952இல் காமா சிக்மா சிக்மாவும், ஒஹையோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் 1967இல் ஒமேகா ஃபை ஆல்ஃபாவும் தோன்றின. சேர விரும்புவோர் ‘பிளெட்ஜ்’ எனப்படும் முன்னுறுப்பினர் பருவத்தில் குறிப்பிட்ட மணிநேர அளவுக்குத் தொண்டாற்ற வேண்டும். உணவு வங்கியில் பொட்டலம் கட்டுவதும், இரத்ததான முகாமில் வருவோரைப் பதிவு செய்வதும், ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குவதும் அந்தக் கணக்கில் சேரும். இச்சங்கங்களின் அமைப்பு நேரானது, நோக்கம் வெளிப்படையானது. ஐயுறும் பெற்றோருக்கு விளக்குவதும் எளிது.

வரலாற்றின் கனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்து இரண்டே ஆண்டுகள் கழிந்த 1867இல், கறுப்பின மக்களின் உயர்கல்வியை முன்னிட்டு வாஷிங்டன் நகரில் நிறுவப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியால் 1908 ஜனவரி 15 அன்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சகோதரியர் சங்கம் பிறந்தது. கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் இதுவே. சங்கத்தின் போக்கை மாற்றியமைக்க விரும்பிய 22 மாணவியர் 1913 ஜனவரி 13 அன்று அதே வளாகத்தில் டெல்டா சிக்மா தீட்டாவைத் தோற்றுவித்தனர். இரண்டு மாதம் நிறைவதற்குள், மார்ச் 3 அன்று, தலைநகரின் தெருக்களில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் அவர்கள் அணிவகுத்ததே அச்சங்கத்தின் முதல் பொதுச்செயலாயிற்று. கறுப்பினப் பெண்கள் கடைசி வரிசையில் நடக்கட்டும் என்ற குரல் அந்தப் பேரணியின் அமைப்பாளர்களிடையே எழுந்திருந்ததை எண்ணிப் பார்த்தால், இருபது வயதைச் சுற்றியிருந்த அம்மாணவியரின் துணிவு விளங்கும். 1920இல் ஹோவர்டிலேயே ஸீட்டா ஃபை பீட்டாவும், 1922இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஆசிரியைகள் எழுவரால் சிக்மா காமா ரோவும் தொடங்கப்பட்டன. இந்நான்கும், கறுப்பின ஆண்களின் ஐந்து சங்கங்களும் சேர்ந்த தொகுதியே இன்று ‘டிவைன் நைன்’ என்று மக்கள் வழக்கில் குறிக்கப்படுகிறது.

இச்சங்கங்களில் தொண்டு எத்தகைய பொருளைப் பெற்றது என்பதை அறிய, மிசிசிப்பி உடல்நலத் திட்டம் என்று பெயர்பெற்ற முயற்சியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரப் பள்ளிகளில் பணியமர்ந்த முதல் கறுப்பின ஆசிரியரும், மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் பிறந்தவருமான ஐடா லூயிஸ் ஜாக்சன் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் தேசியத் தலைவராக இருந்தபோது, அம்மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டியில் உள்ள லெக்சிங்டனில், கிராமப்புற ஆசிரியர்களுக்கு 1934ஆம் ஆண்டுக் கோடையில் பயிற்சிப் பள்ளி நடத்த ஏற்பாடு செய்தார். நோயிலும் பசியிலும் வாடும் பிள்ளைகளுக்குக் கல்வி மட்டும் போதாது என்பது அங்கு சென்ற பிறகு தெளிவாயிற்று. மறு ஆண்டே, வாஷிங்டனில் மருத்துவராகப் பணியாற்றிய டாரத்தி ஃபெரபியின் தலைமையில், மருத்துவரும் செவிலியரும் ஆசிரியைகளும் அடங்கிய தொண்டர் குழு ஒன்று மிசிசிப்பிக்குப் புறப்பட்டது. கறுப்பினப் பெண்களின் குழுவுக்குப் பயணச்சீட்டு விற்க ரயில் நிலையத்தார் மறுத்ததால், ஏறத்தாழ ஆயிரம் மைல் தொலைவையும் அவர்கள் தங்கள் சொந்தக் கார்களிலேயே கடந்தனர். கறுப்பினத்தவருக்குத் தங்க விடுதியும் உண்ண உணவகமும் மறுக்கப்பட்ட தென்மாநிலச் சாலைகள் அவை.

மிசிசிப்பியில் வேறொரு தடை காத்திருந்தது. அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்களில் மிகப் பல, வெள்ளையர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு வாழ்ந்தவை. விதையும் உணவும் நிலக்கிழாரிடமே கடனாக வாங்கி, அறுவடையில் அவருடைய பங்கும் கடனும் போக மிஞ்சியதை மட்டும் பெறுவதுதான் வாரச் சாகுபடி முறை. மிஞ்சியது பல ஆண்டுகளில் ஒன்றுமில்லை. தங்கள் ஆட்கள் வேலையை விட்டு நகரத்து மருத்துவ முகாமுக்குச் செல்வதை நிலக்கிழார்கள் அனுமதிக்கவில்லை. ஆகவே மருந்தும் ஊசியும் ஏற்றிய கார்கள் பண்ணைகளுக்குள்ளேயே சென்றன. பருத்திக்காட்டின் ஓரத்தில் காரை நிறுத்தி, வரிசையில் நின்ற குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டனர். பண்ணையின் மேற்பார்வையாளர்கள் இடுப்பில் துப்பாக்கியுடன் குதிரைமேல் வந்து, இப்பெண்கள் என்ன கேட்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கண்காணித்ததை ஃபெரபி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கூலியைப் பற்றியோ வாக்குரிமையைப் பற்றியோ ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் முகாம் அன்றே மூடப்பட்டிருக்கக்கூடும். பற்சிகிச்சை, சத்துணவு, தூய்மை பற்றிய விளக்கங்களும் சேர்ந்துகொள்ள, கோடைதோறும் சில வாரங்கள் இப்பணி நடந்தது; போர்க்காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்த 1942க்குப் பின் அது தொடரவில்லை. அதற்குள் பயன்பெற்றோர் ஏறத்தாழ 15,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது.

அரசு செய்யத் தவறியதை ஒரு சகோதரியர் சங்கம் செய்ய நேர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள். ஃபெரபியைப் போன்ற மருத்துவர் ஒருவர் எத்தனை ஆற்றல் உடையவராயினும் தனியாளாக மிசிசிப்பிக்குச் சென்று ஒரு கோடையைக்கூடக் கடத்தியிருக்க முடியாது. நாடெங்கும் பரவிய கிளைகளின் சந்தாப் பணமும், விடுமுறையைத் துறந்து உடன்வர முன்வந்த உறுப்பினரும், ஒருவர் சொல்லை மற்றவர் நம்பும் பழக்கமும் பின்னால் இருந்ததால்தான் அது நடந்தது. ‘தொண்டு செய்ய வேண்டுமென்றால் தனியாகச் செய்யலாமே, அதற்குச் சங்கம் எதற்கு?’ என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிடச் சிறந்த பதில் இருப்பதாகத் தெரியவில்லை. தனியாகத் தொண்டு தொடங்கும் மாணவர் தேர்வுக்காலம் வந்ததும் நிறுத்திவிடுகிறார், பட்டம் பெற்றதும் ஊர் மாறிவிடுகிறார். சங்கத்தில் ஒருவர் விட்ட வேலையை எடுத்துச் செய்ய அடுத்தவர் இருக்கிறார்.

கறுப்பினப் பெண்களின் இச்சங்கங்களில் சேரும் முறைக்கென்று ஒரு நாகரிகம் உண்டு. சேர வேண்டும் என்ற ஆசையை ஊரறியப் பறைசாற்றுவது இங்கே குறையாகவே கருதப்படுகிறது. விரும்பும் மாணவி கிளை நடத்தும் பொதுநிகழ்ச்சிகளுக்குச் சென்று, சங்கத்தின் வரலாற்றைக் கற்று, மதிப்பெண்ணையும் தொண்டுப் பதிவையும் சீர்படுத்திக்கொண்டு, அழைப்பு வரும்வரை அடக்கமாகக் காத்திருக்க வேண்டும். ஒரே பருவத்தில் சேர்க்கப்படும் குழு ‘லைன்’ எனப்படும். அக்குழுவைச் சேர்ந்தோர் தம்முள் ‘லைன் சிஸ்டர்’ உறவு கொண்டாடுவதும், அந்த உறவு திருமணம், பேறுகாலம், மரணம் வரை தொடர்வதும் இயல்பு. இவ்வுறுப்பினர் நிலை கல்லூரியோடு முடிவதன்று, வாழ்நாள் முழுவதற்கும் உரியது. பட்டதாரிகளுக்கென ஊர்தோறும் தனிக்கிளைகள் இயங்குவதால், கல்லூரியில் வாய்ப்பை இழந்த ஒருவர் நாற்பது வயதிலும் உறுப்பினராகலாம். தமிழ் வாசகர் அறிந்த சான்று ஒன்று உண்டு. சென்னையில் பிறந்து, 1958இல் பெர்க்லிக்கு மேற்படிப்புக்கு வந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் பயின்று 1986இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அவர் துணை அதிபர் பதவிக்கு வேட்பாளராக அறிவிக்கப்பட்டபோது, சங்கம் பிறந்த ஆண்டைக் குறிக்கும் வகையில் 19 டாலர் 8 சென்ட் என்ற விந்தையான தொகையாகவே நன்கொடைகள் குவிந்தன.

இவ்வளவு இறுகிய உறவுக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது பெற்றோருக்கும் மாணவியருக்கும் செய்யும் அநீதியாகும். ‘ஹேசிங்’ என்று இங்கே அழைக்கப்படுவது தமிழ்நாடு நன்கறிந்த ராகிங்தான்: அடி, உறக்கமறுப்பு, வற்புறுத்திக் குடிக்கவைத்தல், அவமதிப்பு. வெள்ளையர் சங்கங்கள், கறுப்பினத்தவர் சங்கங்கள், ஆசியர் சங்கங்கள் என்ற வேறுபாடின்றி இதனால் மாணவர் உயிரிழந்துள்ளனர். உயிர்ப்பலிக்குப் பின் கறுப்பினச் சங்கங்கள் 1990இல் பழைய பிளெட்ஜ் முறையைக் கைவிட்டு, விண்ணப்பமும் குறுகிய பயிற்சியும் கொண்ட சேர்க்கை முறையை ஏற்றன. ஆயினும் மறைவில் கொடுமை தொடர்வதை வழக்குகள் காட்டுகின்றன. கல்லூரிகள் ஹேசிங் நிகழ்வுகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று விதிக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தாயிற்று. துன்பத்தைத் தாங்கியவரே உண்மையான உறுப்பினர் என்ற எண்ணம் எந்தக் கிளையில் நிலவுகிறதோ, அந்தக் கிளை ஃபெரபியின் மரபுக்கு உரிமை கொண்டாட முடியாது. சேர்க்கைக் கட்டணமும் முதலாண்டுச் சந்தாவும் பல இடங்களில் ஆயிரம் டாலரைத் தாண்டுவது, ஏழை மாணவியரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதும் கவலைக்குரியது. ஆகவே சேர விரும்பும் பெண் முதலில் கேட்க வேண்டியவை, அக்கிளை சென்ற ஆண்டு யாருக்காக எத்தனை நாள் உழைத்தது, புதியவரை எவ்வாறு நடத்திற்று, அதன்மீது கல்லூரி நடவடிக்கை எடுத்ததுண்டா என்பவையே. சங்கத்தின் வண்ணங்களும் மேடையில் ஆடும் ‘ஸ்டெப்’ நடனமும் அழகியவைதாம். அவை பிறகு வரலாம்.

குடியேறிய இந்தியக் குடும்பங்களின் பெண்களும் இம்முறையைத் தமக்கென ஆக்கிக்கொண்டுள்ளனர். 1998 என்ற ஒரே ஆண்டின் இறுதியில், டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் கப்பா ஃபை காமாவும், ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகாவும், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சிக்மா சிக்மா ரோவும் தெற்காசிய மாணவியரால் தொடங்கப்பட்டன. இவற்றுள் குடும்ப வன்முறை ஒழிப்பைத் தன் தொண்டுக்குரிய துறையாகத் தெரிந்துகொண்ட சங்கமும் இருப்பது கவனிக்கத்தக்கது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்தே வந்து, தனக்கென வருமானமும் வண்டியும் உறவும் இல்லாத ஊரில் அடிபட்டு வாழும் பெண்ணின் நிலை, கோயில் திருவிழாக்களிலும் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாக்களிலும் பேசப்படுவதில்லை. மூத்த தலைமுறை பேசக் கூசிய அதனையே மகள்கள் தங்கள் சங்கத்தின் பணியாக ஏற்றனர். அவ்வாறு அடிபட்டு வாழும் பெண்களுக்கு உதவ நியூ ஜெர்சியில் 1985இலேயே மானவி என்ற அமைப்பு தோன்றியிருந்தது. அதைப் போன்றவை வேறு பல நகரங்களிலும் இன்று இயங்குகின்றன. அவற்றுக்கு நிதி மட்டும் போதுவதில்லை. நள்ளிரவில் தொலைபேசியில் அழைக்கும் பெண் தமிழில் பேசினால், தமிழிலேயே விடை சொல்ல ஒருவர் வேண்டும். அந்தத் தொலைபேசியின் முன் அமரப் பல மாநிலங்களில் 40 மணிநேரப் பயிற்சி கட்டாயம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த கல்லூரி மாணவியர் அப்பயிற்சியை ஒரு செமஸ்டருக்குள் முடித்துவிட முடியும். பெற்றோரின் இசைவும், வார இறுதியில் போய்வர ஒரு காரும் கிடைத்தால்.