மணப்பெண் அவள் நிறத்திலேயே இருக்கட்டும்

"கல்யாண போட்டோவுக்கெல்லாம் எதுக்குத் தோழர் இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்று மாணவத் தோழர்கள் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கடன் வாங்கிச் சீர் செய்யாதே, ஆடம்பரம் வேண்டாம் என்று தெருத் தெருவாகப் பேசிவருகிறவர்கள், கேமராவும் தெர்மாகோல் அட்டையுமாக விடியற்காலையில் மணப்பெண் வீட்டு வாசலில் நின்றால் கேட்கத்தான் செய்வார்கள்.

நாங்கள் விழுப்புரம் பக்கத்துக் காலனி ஒன்றில் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிற ஏழெட்டுப் பேர். போட்டோ எங்கள் பிழைப்பு அல்ல. எங்களில் ஒரு தம்பி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன், அவனிடம் ஒரு பழைய கேமரா இருக்கிறது. அதை வைத்துக் காலனிக் கல்யாணங்களில் மணப்பெண் படம் மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். தாலி, பந்தி, மொய் எல்லாம் கூலிக்கு வருகிற போட்டோகிராபர் பாடு.

முதுகலை சமூகவியல் படித்தபோது ஹட்டனின் இந்தியச் சாதி பற்றிய நூல் எங்களுக்குப் பாடம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகள் அதில் இருக்கின்றன. பொன், வெள்ளி நகை போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. அடுத்த ஆண்டு அந்தப் பட்டியல் பதினொன்றாக நீண்டது. கல்யாணத்தில் மேளம் கூடாது, மாப்பிள்ளை குதிரையில் வரக் கூடாது, ஊர்வலத்துக்குப் பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும். இப்போது ஒரு மணப்பெண் படத்தை எடுத்துப் பாருங்கள். நகை, ரவிக்கை, தலை நிறையப் பூ. அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் இருந்த பொருள். தடையை மீறியவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டதையும் அதே புத்தகம் சொல்கிறது. பாபாசாகேப் – ரமாபாய் திருமணம் பம்பாய் பைக்குல்லா மார்க்கெட்டில், கடைகள் மூடிய பிறகு, இரவில் நடந்தது. மணக்கோலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது நம் வீட்டுப் பெண்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. மெனக்கெடுவதற்கு இந்த ஒரு காரணம் போதும் என்று நினைக்கிறோம்.

இன்னொரு காரணம் நிறம். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று நம் ஊரில் பாராட்டுவார்கள். அந்த 'இருந்தாலும்' என்ற ஒரு சொல்லைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் பேசலாம். கறுப்பு எல்லாச் சாதியிலும் இருக்கிறது, வெளுப்பும் அப்படியே. ஆனாலும் நிறத்தைப் பார்த்துச் சாதியை ஊகிக்கிற கண் இங்கே உண்டு. அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் "கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி" என்று மணப்பெண்ணின் அம்மா எங்கள் காதோரம் வந்து சொல்கிறார். அந்த அம்மா மீது எங்களுக்குக் கோபம் வருவதில்லை. நிறம் குறைந்தால் சீர் கூட வேண்டும் என்று கணக்குப் போடுகிற சம்பந்தி வீடுகளை அவருக்குத் தெரியும்.

கேமராவும் நடுநிலையானது அல்ல. கலர் படச்சுருள் காலத்தில் ஸ்டுடியோக்களுக்கும் பிரிண்ட் போடும் கூடங்களுக்கும் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று இயந்திரத்தைத் திருத்துவார்கள். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மரச்சாமான், சாக்லேட் கம்பெனிகள் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டது படச்சுருள் மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார். அதுவரை கறுப்பு மனிதர்களின் முகம் இருட்டாக வந்தது கம்பெனிக்கு அவ்வளவு பெரிய குறையாகப் படவில்லை. 2021இல்தான் கூகுள் தன் போன் கேமராவுக்கு எல்லா நிறத் தோலும் சரியாக வரவேண்டும் என்று தனி வேலை செய்ததாக விளம்பரம் செய்தது. இவ்வளவு காலம் கழித்து!

ஆகவே எங்கள் வேலை கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்பே தொடங்குகிறது. பகல் வெளிச்சத்தில் மணப்பெண் வீட்டுக்குப் போகிறோம், மேக்கப் போடும் அக்காவையும் கூட்டிக்கொண்டு. ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பது பழக்கம், அது சரியல்ல. தாடையோரம் மூன்று கோடு போட்டு, வாசலில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கோடு தோலோடு கலந்து காணாமல் போகிறதோ அதுதான் அவளுடைய ஷேடு. இரண்டு மூன்று ஷேடு கூட்டிப் போட்டால் முகம் சாம்பல் பூத்து, கழுத்தும் கையும் வேறொருத்தியுடையதாகத் தெரியும். மேக்கப் அக்காவுக்கு இது தெரியாததல்ல. வெளுப்பாக்கினால்தான் கூலி கொடுக்கிறார்கள் என்பது அவருடைய பதில். அவருடைய பெட்டியில் அடர்ந்த ஷேடு இல்லையென்றால் எங்கள் செலவில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

வெளிச்சம்தான் பாதி வேலை. முகூர்த்தம் ஆறு, ஏழரை என்றால் மண்டபத்துக்குப் போகும் முன்பே படம் எடுத்துவிட வேண்டும், அரைமணி நேரம் போதும். கிழக்குப் பார்த்த திண்ணையின் நிழல், அல்லது ஒரு பக்க ஜன்னல். மணப்பெண்ணைச் சற்றே திருப்பி நிற்க வைத்தால் கன்னத்திலும் நெற்றியிலும் ஒளி வழுக்கி விழும். கறுப்புத் தோலில் அந்த மினுக்கம் வருவது போல வேறு எதிலும் வராது. மறுபக்கம் நிழல் கனத்துப் போனால் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் சரியாகிவிடும். மண்டபத்தில் வீடியோக்காரர் விளக்கு நேரே முகத்தில் அடிக்கும், வியர்வை பளபளக்கும், மூக்கும் கன்னமும் ஒரே தட்டையாகிப் போகும். வெள்ளைச் சுவர், மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை இரண்டும் கேமராவை ஏமாற்றும். வெளிச்சம் அதிகமென்று அது தானாகக் குறைத்துக்கொள்ள, மணப்பெண் முகம் இருண்டு போகும். அப்புறம் "பொண்ணு கறுப்பு, என்ன செய்ய" என்று பழி அவள் மீது. அளவை முகத்தில் மட்டும் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பின்னணிக்குக் காலனி வீடுகளின் பச்சை, நீலச் சுவர்களே போதும். வாடகைக்குச் செட் போட வேண்டியதில்லை.

எங்கே நின்று எடுக்க வேண்டும் என்பதை மணப்பெண்ணிடமே கேட்கிறோம். பல பேர் மண்டப மேடை என்பார்கள். நர்சிங் படித்த ஒரு தங்கை, அம்பேத்கர் சிலை முன்னால் என்றாள். எங்கள் காலனிச் சிலைக்கும் இரும்புக் கூண்டுதான், உங்களில் பலருடைய ஊரிலும் அப்படித்தான் இருக்கும். கம்பி தெரியாமல் எடுக்க எந்தக் கோணம் நல்லது என்று தம்பி சுற்றிச் சுற்றி வந்தான்.

"எதுக்குண்ணா மறைக்கிறீங்க? கூண்டோடயே எடுங்க. நான்தான் வெளிய நிக்கிறேனே" என்றாள்.

பட்டுப் புடவையோடு கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஆல்பம் டிசைன் செய்கிறவர் கம்பியை அழித்துத் தருகிறேன் என்று சொன்னபோதும் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு தங்கை இதற்கு நேர் எதிர். வெளுப்பாக்கிய படம்தான் வேண்டும் என்றாள். இரண்டையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது நல்லாத்தான் இருக்கு, ஆனா அவங்க வீட்டுக்கு அதை அனுப்புங்கக்கா" என்றாள். அனுப்பினோம். கொள்கைப் பிடிப்பு இல்லை என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. அவள் போய் வாழப் போகிற வீடு அது, அங்கே முதல் வாரம் என்னென்ன பேச்சுக் கேட்க வேண்டிவரும் என்று அவளுக்குத்தான் தெரியும். நிறமாற்றாத படத்தை அவளுக்கென்று தனியாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம், வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டாள்.

பிரிண்ட் என்றதும் ஒன்று. கேமராவில் சரியாக எடுத்து, கணினியில் கை வைக்காமல் அனுப்பினாலும், பிரிண்ட் போடும் கடையில் இயந்திரம் தானாக முகத்தை வெளுத்துவிடும். 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்று ஆர்டர் சீட்டில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னது நிற்காது. முதலில் ஒரே ஒரு சின்னப் படம் போட்டு வாங்கி, மணப்பெண்ணின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடச் சொல்லுங்கள்.